எத்தினையாம் பிள்ளை என்று கேட்கும் ஊரில் மூன்று நாட்கள்

ஏழு மாத வயிற்றோடு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போய்வரலாமா என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். நான் போய்வந்துவிட்டேன். ரயிலில் போங்கள், பஸ்ஸில் போகாதீர்கள், இடுப்புக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை கொண்டுபோங்கள். தகவல் மட்டும் வேண்டியவர்கள் கீழே குறிப்புகள் வரும் இடத்துக்குப் போய்விடலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது நான் வழக்கமாக எழுதும் 'எந்தக் கடையில் நல்ல கொத்துரொட்டி' வகைப் பதிவு இல்லை.

போனது மார்கழியில், பள்ளிக்கூட விடுமுறைக்குள். யோசனை என் கணவர் சுதனுடையது. "பிள்ளை பிறந்தால் ஒரு வருசத்துக்கு ஒரு இடமும் அசையேலாது. அதுக்கு முதல் நாங்கள் மூண்டு பேரும் ஒருக்கா எங்கையாவது போட்டு வருவம்" என்றார். மூன்று பேர் என்றால் அவர், நான், எங்கள் மகள் ஆரணி. அவளுக்கு ஆறு வயது. நான் யாழ்ப்பாணம் என்றேன். "திருகோணமலைக்குப் போவமே? கடல் நல்லாயிருக்கும்" என்றார். மார்கழி மாதத்தில் திருகோணமலைக் கடல் நன்றாயிருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்த நாட்டில் இவராகத்தான் இருப்பார்.

அவர் ஏன் யாழ்ப்பாணம் வேண்டாம் என்றார், நான் ஏன் யாழ்ப்பாணம்தான் என்றேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் சண்டிலிப்பாய்ப் பக்கம் சுதனின் அண்ணை குடும்பத்தோடு இருந்தோம். அப்போது எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். மாதம் நிறையமுன் பிறந்தவன், எடை குறைவு, பாரம் காணாது என்றார்கள். இரண்டு நாள் இருந்தான்.

எங்கள் சனம் பெரியவர்களை எரிக்கும், பல் முளைக்காத பிள்ளையைப் புதைக்கும். அதற்குச் சனம் கூடி அழும் செத்தவீடு வைப்பதில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இல்லை. பேர் வைப்பதும் பிறந்து முப்பத்தோராம் நாள் என்பதால் பேரும் இல்லை. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, எனவே தாயும் போவதில்லை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, சுதனும் அவருடைய அண்ணையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப ஏன்?" என்றார்கள். பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. சில மாதத்தில் சுதனுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது, வீட்டுச் சாமான்களோடு அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்தப் பிள்ளை வயிற்றில் தங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். அவன் கிடக்கும் இடத்தை ஒரு தடவை பார்க்காமல் மறுபடியும் பிரசவ அறைக்குள் போகமாட்டேன். அதைச் சுதனுக்கு நேரே சொல்லவில்லை. சொன்னால் பயணமே நடந்திருக்காது. சும்மா யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று அரித்துக்கொண்டே இருந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது என்ற ஒரு வழக்கமாவது எனக்கு உதவியது.

காலை பத்து மணிக்குச் சற்று முன்பு வவுனியாவில் ரயில் ஏறினோம். இரண்டாம் வகுப்பு, முன்பதிவு. ஓமந்தை தாண்டும்போதே தூறல் தொடங்கிவிட்டது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே அதே நிறத்தில் வானம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் யன்னலுக்கு வந்து படமெடுப்பார்கள், அன்றைக்கு ஒருவரும் எழும்பவில்லை. ஆரணி மட்டும் தன் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேசன் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தபடி வந்தாள். பள்ளிக்கூடமில்லாத நாளில் புத்தகப்பை எதற்கு என்று வீட்டிலேயே கேட்டிருந்தேன். "சாமான் இருக்கு" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு யாழ்ப்பாணம். நாங்கள் தங்கியது நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதி, காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. அண்ணை வீட்டிலேயே தங்கலாமே என்றதற்கு, "அங்கை இடம் காணாது" என்றார் சுதன். அது நான்கு அறை வீடு. இருப்பது அண்ணையும் அவருடைய மனைவியும் மட்டும்தான். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஸ்டேசன் வாசலில் பிடித்த ஓட்டோவையே மூன்று நாளும் வைத்துக்கொண்டோம். ஓட்டுபவர் ஞானம் அண்ணை, ஐம்பது வயதிருக்கும். முன் கண்ணாடியில் எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். வாய் ஓயாத மனிதர். என்னைக் கண்டதும் ஓட்டோவைப் பள்ளமில்லாத பக்கமாகத் திருப்பி நிறுத்தி, ஏறும்வரை காத்திருந்து, பிறகு கேட்டார்.

"எத்தினையாம் பிள்ளை, தங்கச்சி?"

"ரெண்டாவது" என்றார் சுதன். கேள்வி என்னிடம், பதில் அவரிடமிருந்து. வவுனியாவிலும் இப்படித்தான். கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருப்பவர் கேட்டாலும் அவர்தான் முந்திக்கொள்வார்.

"அப்ப ஒண்டு பொம்பிளை, இது ஆம்பிளையாத்தான் இருக்கும்" என்று ஞானம் அண்ணை தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வீதியால் விட்டார். ஆரணி ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"இதோ அப்பா பெரியாஸ்பத்திரி?"

"ஓம். தலையை உள்ளுக்கு எடு."

தலையை உள்ளே எடுத்தாள், ஆனால் பின்பக்கச் சின்னக் கண்ணாடியால் அந்தக் கட்டடம் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பின்னேரம் நல்லூர்க் கோயில். ஏழாம் மாதத்திலிருந்து கோயிலுக்குள் போவதில்லை என்பது சுதன் வீட்டு வழக்கம். அதனால் தகப்பனும் மகளும் உள்ளே போக, நான் வெளிவீதியில் ஓட்டோவுக்குள் இருந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கோயில் இல்லை, சுடலை இல்லை, நண்டு இல்லை, அன்னாசி இல்லை, பப்பாசி இல்லை. பிள்ளை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு துணிகூட வாங்கக்கூடாது. போன தடவை, மகனுக்கு, இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டை நாங்கள் மீறியிருந்தோம். நுளம்பு வலை, தொப்பி, மூன்று சோடிச் சொக்ஸ். அவை இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் ஒரு ஊசிகூட வாங்கவில்லை.

இரண்டாம் நாள் பருத்தித்துறை. முப்பத்து மூன்று கிலோமீற்றர். காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், பிறகு வல்லை வெளி. வல்லை வெளியில் வாடைக்காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது, ஞானம் அண்ணை முதல்தடவையாக வாய்மூடி ஓட்டினார். பருத்தித்துறையில் கடல் சாம்பல் நிறம். அலை வந்து கரையில் அடித்து வீதிவரை தெறித்தது. வெளிச்சவீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தோம். எங்களைத் தவிர ஒரு நாய்தான் நின்றது. சுதன் எங்கள் இருவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார், அதில் நாங்கள் பாஸ்போட்டுக்கு நிற்பதுபோல நிற்கிறோம். தட்டைவடை இரண்டு பைக்கற் வாங்கினோம். அது மட்டும் நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

திரும்பும் வழியில் நீர்வேலியில் வாழைப்பழம் வாங்க நிறுத்தினோம். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், மழையில் இலைகள் கிழிந்து தொங்கின. வீதியோரக் கொட்டிலில் ஓர் அம்மா இதரை வாழைக் குலைகளைத் தூக்கியிருந்தார். கிலோ இருநூற்றைம்பது. ஒரு சீப்பு வாங்கினோம். பங்கு பிரிக்கும் வேலையை ஆரணி எடுத்துக்கொண்டாள். எனக்கொன்று, தகப்பனுக்கொன்று, ஞானம் அண்ணைக்கொன்று, தனக்கொன்று. பிறகு சீப்பில் நல்லதாகப் பார்த்து இன்னொன்றைப் பிய்த்துப் புத்தகப்பைக்குள் வைத்தாள்.

"அது ஆருக்கு?" என்றார் சுதன்.

"தம்பிக்கு."

கடைக்கார அம்மா சிரித்தார். "தம்பிதான் எண்டு முடிவாப் போச்சோ? எத்தினையாம் பிள்ளை, மோனை?"

"ரெண்டாவது" என்றார் சுதன், வழமைபோல. பிறகு ஆரணியைப் பார்த்து, "வாறது தம்பியோ தங்கச்சியோ எண்டு தெரியாதம்மா. வயித்துக்குள்ளை இருக்கிற பிள்ளை பழம் சாப்பிடாது" என்றார்.

"வயித்துக்குள்ளை இருக்கிறவருக்கில்லை. ஆஸ்பத்திரியிலை நிக்கிற தம்பிக்கு."

அவள் தொடர்ந்தாள். "நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள், தம்பிக்குப் பாரம் காணாது, டொக்டர் வைச்சிருக்கிறார், பாரம் வந்தாப்பிறகுதான் தருவினம் எண்டு. இப்ப பாரம் வந்திருக்கும். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போவம். அதுக்குத்தானே வந்தனாங்கள்?"

தம்பி பிறந்தபோது அவளுக்கு மூன்று வயது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த நாளில் சுதன் அவளுக்கு அப்படிச் சொன்னது எனக்குத் தெரியும். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். அவள் திரும்பக் கேட்கவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தோம். அவள் மறக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து, இது கேட்கக்கூடாத விஷயம் என்று விளங்கி, மூன்று வருடமாகத் தம்பிக்குப் பாரம் ஏறட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். புத்தகப்பைக்குள் இருந்த 'சாமான்' என்ன என்று அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய பழைய மழைக்கோட்டு, அவளுக்கு இப்போது அளவில்லாதது, மடித்து வைத்திருந்தாள். தம்பிக்கு வழியில் மழை பெய்தால் போட.

கடைக்கார அம்மா முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு குலைகளைத் துடைக்கத் தொடங்கினார். ஞானம் அண்ணை ஓட்டோவை எடுத்தார். நல்லூர்வரை ஒரு சொல் பேசவில்லை, அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பொழுதுபட ஆரணி அறைக்குள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சுதனும் விடுதி விறாந்தையில் கதிரையில் இருந்தோம். மழை விடாமல் பெய்தது. இனிச் சுற்றிவளைக்க எனக்குத் தெம்பில்லை.

"எனக்கு இடத்தைக் காட்டுங்கோ" என்றேன். "நாளைக்கு. ரயிலுக்கு முதல்."

"நீர் இந்த நேரத்திலை அங்கையெல்லாம் போகக்கூடாது."

"வேறை எந்த நேரத்திலை போகலாம்? மூண்டு வருசமா நீங்கள் நேரம் சொல்லேல்லையே."

"அங்கை ஒண்டுமில்லையப்பா. கல்லுமில்லை, ஒண்டுமில்லை."

"கல்லைப் பார்க்கவோ நான் கேக்கிறன்? என்ரை பிள்ளை கிடக்கிற மண்ணைப் பார்க்கக் கேக்கிறன். நான் பெத்தனான். பால் கட்டி நாலு நாள் காய்ச்சல்லை கிடந்தனான். ஒருத்தர் வந்து என்னைப் பார்த்து அழேல்லை. ஒரு செத்தவீட்டுக்கு வாறதைப் போல ஒரு சனம் வரேல்லை. நீங்களும் என்னோடை அதைப் பற்றிக் கதைக்கேல்லை."

சுதன் மழையைப் பார்த்தபடியே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் கொண்டுபோனார்களாம். துவாயில் சுற்றி இவர் மடியில் வைத்திருந்தாராம். அண்ணைதான் கிடங்கு வெட்டினாராம். சுடலையின் மேற்குப் பக்கத்தில் ஒரு பூவரசமரம் நின்றது, அதற்குக் கீழே. மரத்தைக் குறி வைத்துக்கொண்டாராம், எப்போதாவது நான் விடாப்பிடியாகக் கேட்டால் காட்டலாம் என்று.

"அப்ப காட்டுங்கோ."

"போன வருசம் அண்ணையைப் பார்க்க வந்தன் என்ன, அப்ப தனியப் போனனான்." அவருடைய குரல் மாறிவிட்டது. "மரம் இல்லை. ஊரிலை காசு சேர்த்துச் சுடலையைத் திருத்தியிருக்கினம். மெசின் விட்டு எல்லா இடமும் மட்டப்படுத்தி, சுத்திவர மதில் கட்டி, கொட்டகை போட்டு, அருமையாச் செய்திருக்கினம். ஆரையும் பிழை சொல்லேலாது. அதிலை ஒரு பிள்ளை கிடக்கிறான் எண்டு ஆருக்குத் தெரியும்? நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. நான் எதை எண்டு உமக்குக் காட்டுறது? நீர் கேட்டால் என்ன சொல்லுறது எண்டுதான் இஞ்சை வரவே பயந்தனான்."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று வருடமாக இந்த மனிதர் எனக்குத் தெரியாமல் துக்கம் காத்திருக்கிறார், அதையும் தனியாக, அதையும் சரியாகச் செய்யத் தெரியாமல். "மதிலைக் காட்டுங்கோ, காணும்" என்றேன். "பிள்ளைக்கும் சொல்லவேணும். இனி ஏமாத்தேலாது."

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சாமான்களோடு கிளம்பினோம். சுதனின் அண்ணை வீட்டுக்குப் போவதாகத்தான் ஞானம் அண்ணையிடம் சொல்லியிருந்தோம். ஆனைக்கோட்டை, மானிப்பாய் தாண்டி சண்டிலிப்பாய்க்குப் பதினொரு கிலோமீற்றர் வரும். அதற்கு அங்கால் உள்ள ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இரண்டு பக்கமும் வயலும் மரக்கறித் தோட்டமும், வாய்க்கால் முட்டத் தண்ணீர். ஓர் இடத்தில் ஞானம் அண்ணை நேராகப் போகாமல் குறுகலான ஓர் ஒழுங்கைக்குள் திருப்பினார்.

"நேரை போகலாமே அண்ணை" என்றேன்.

"அந்த ரோட்டிலை சுடலை இருக்கு தங்கச்சி. பிள்ளைத்தாச்சியை வைச்சுக்கொண்டு அந்தப் பக்கம் விடக்கூடாது. கொஞ்சம் சுத்துத்தான், காசு கூட்டிக் கேக்கமாட்டன்."

"எனக்கு அங்கைதான் போகவேணும்."

ஓட்டோவை நிறுத்திவிட்டார். திரும்பிச் சுதனைப் பார்த்தார். சுதன் குனிந்துகொண்டிருந்தார். நானே சொன்னேன்.

"எங்கடை பிள்ளை அங்கை கிடக்குது அண்ணை. மூண்டு வருசம். நான் இன்னும் பார்க்கேல்லை."

நேற்று நீர்வேலியில் கேட்டது அவருக்கு இப்போது முழுதாக விளங்கியிருக்கவேண்டும். ஹான்டிலில் கையை வைத்தபடி யோசித்தார். "உங்களுக்கு ஏதும் ஒண்டு நடந்தால் நான் சாகும்வரைக்கும் நித்திரை கொள்ளமாட்டன்" என்றார். பிறகு, "தள்ளித்தான் நிப்பாட்டுவன். நீங்கள் இறங்கக்கூடாது. அதுக்கு ஓம் எண்டால் விடுறன்" என்றார். ஓம் என்றேன். கண்ணாடியில் கட்டியிருந்த எலுமிச்சங்காயைக் கழற்றி என் கையில் தந்து, "இதை இறுக்கிப் பிடிச்சிருங்கோ" என்றார். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வயல்வெளி முடிவில் வெள்ளை மதில் தெரிந்தது. இரும்புக் கேற், உள்ளே தகரக் கூரை போட்ட கொட்டகை. சுதன் சொன்னதுபோல அருமையாகத்தான் செய்திருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. ஆரணியை என் பக்கத்தில் இழுத்து இருத்தினேன்.

"தம்பி ஆஸ்பத்திரியிலை இல்லையம்மா. அவர் செத்துப்போனார். பிறந்து ரெண்டாம் நாளே செத்துப்போனார். அந்த மதிலுக்கு அங்காலைதான் அப்பா கொண்டுவந்து தாட்டவர்."

அவள் மதிலைப் பார்த்தாள். "நான் அவரைப் பார்த்தனானோ?"

"இல்லை. உன்னை உள்ளுக்கு விடேல்லை."

"நீங்கள் பார்த்தனீங்களோ?"

"ஓம். கண்ணாடிப் பெட்டிக்குள்ளை."

"அப்பா?"

"அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தவர்."

அவள் அழவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஏன் பாரம் வரும் எண்டு சொன்னனீங்கள்?" என்று தகப்பனைக் கேட்டாள். பிறகு புத்தகப்பையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். பையில் நசிந்து ஒரு பக்கம் கறுத்திருந்தது. "கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். மழைக்கோட்டை எடுத்து விரித்துப் பார்த்தாள், பிறகு அதைத் திரும்பவும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சுதன் இறங்கிப் போனார். கேற் திறந்துதான் இருந்தது. மேற்குப் பக்க மதிலோரமாக நடந்தார், நின்றார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார். வீட்டுத் திறப்பைத் தொலைத்தவர் முற்றத்தில் தேடுவதுபோல இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஞானம் அண்ணைக்குச் சொன்ன சொல்லை மீறி இறங்கி வீதியில் நின்றேன். அவர் தடுக்கவில்லை, குடையை மட்டும் விரித்துப் பிடித்தார். எங்கோ ஓர் இடத்தில் சுதன் குந்தினார். அதுதான் இடமோ, களைத்துப்போய் இருந்த இடமோ தெரியாது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். போதாது. ஆனால் இத்தனை நாளும் எனக்குப் பார்க்க ஒரு திசைகூட இருக்கவில்லை.

சுதன் திரும்பி வந்து வாய்க்காலில் கால் கழுவி, போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். சுடலைக்குப் போன காலோடு அண்ணை வீட்டுக்குப் போகமுடியாது என்று அப்படியே திரும்பினோம். மானிப்பாய்வரை ஆரணி எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை. பிறகு ஒன்றுக்குப் போகவேண்டும் என்றாள்.

இப்போது குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், பதிவின் கடைசியில் எனக்கு அதற்கு மனம் வராது. ரயிலுக்கு முற்கூட்டியே பதிவு செய்யுங்கள், கழிவறைக்குக் கிட்ட உள்ள இருக்கையாகக் கேளுங்கள். விடுதியில் நிலத்தோடு உள்ள அறையைக் கேளுங்கள், மாடிப்படி வேண்டாம். ஓட்டோவை நாளுக்குப் பேசுங்கள். எங்களுக்குப் பருத்தித்துறை போய்வந்த நாளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ஆனது, பள்ளம் பார்த்து ஓட்டுகிறவரா என்பதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் நல்ல கழிவறை கிடைப்பது கஷ்டம், விடுதியிலேயே போய்விட்டு வெளிக்கிடுங்கள். கிளினிக் கொப்பியைக் கைப்பையில் வைத்திருங்கள். மார்கழியில் நுளம்பு அதிகம், கடல் பார்க்க உகந்த காலமும் இல்லை. சித்திரைக்குப் பிறகு போங்கள். உங்களோடு வரும் பிள்ளைக்கு எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று உண்மையைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு சின்னப் பிள்ளையானாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததை வைத்து அது ஒரு பையை அடுக்கிவிடும்.

பின்னேர ரயிலில் திரும்பினோம். சாவகச்சேரியில் ஓர் அம்மா ஏறி எங்களுக்கு எதிரே இருந்தார். வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போகிறவர், ஒரு பை முழுக்க முருங்கைக்காய். பையைக் காலடியில் சரிப்பண்ணி வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"எத்தினையாம் பிள்ளை?"

நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. சுதன் வாயெடுத்தார், நிறுத்தினார். யன்னலோரம் இருந்த ஆரணி திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

"மூண்டாவது" என்றார்.

அந்த அம்மா ஆரணியைப் பார்த்தார், பெட்டிக்குள் அங்கும் இங்கும் பார்த்தார். "மற்றது எங்கை? ஆரிட்டை விட்டிட்டு வாறியள்?"

"தவறிப்போட்டான் அம்மா. ரெண்டு நாள் இருந்தவன். ஆம்பிளைப் பிள்ளை."

சொல்லி முடியமுன் சுதனுக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டி முழுக்கச் சனம். அவர் லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். எல்லாம் விதி, அடுத்தது நல்லாப் பிறக்கும், நடந்ததை நினைக்காதே என்று வழக்கமாகச் சொல்வதில் ஒன்றையும் அந்த அம்மா சொல்லவில்லை. எழும்பி வந்து எனக்கும் சுதனுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு இருந்தார். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரயில் பளை ஸ்டேசனில் நின்று எடுத்தது.

"ஆரைப் போல இருந்தவன், தம்பி?" என்று சுதனைக் கேட்டார்.

"மூத்தவளைப் போல" என்றார் சுதன். "மூக்கு அப்பிடியே இவளின்ரை மூக்கு."

எனக்கு இது தெரியாது. நான் பார்த்தபோது அவன் முகத்தில் குழாய்கள் ஒட்டியிருந்தன. ஆரணி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனையிறவு தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. அந்த அம்மா வவுனியாவரை எங்கள் நடுவிலேயே இருந்தார். இடைக்கிடை என் கையைத் தடவிக்கொடுத்தார். எங்கள் மகனின் செத்தவீட்டுக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.